ரப்பர் வண்டு ஏன் வீட்டுக்குள் வருகிறது? குமரி மாவட்டத்துச் சூழலியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பல வருடம் உயிரியல் எடுத்தேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தேரூர் குளக்கரைக்கும் ஆறு கடலில் சேரும் மணக்குடி பொழிக்கும் கூட்டிப்போவது வழக்கம், சில சமயம் கீரிப்பாறை மலைக்காட்டுப் பக்கமும் போவோம். பிள்ளைகள் கேட்பார்கள், கூட வரும் பெற்றோர் அதைவிட அதிகமாகக் கேட்பார்கள், கரையில் மாடு மேய்க்கிற அண்ணாச்சிகளும் நின்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சூழலியல் என்றால் என்ன? சுற்றுச்சூழல் பாதுகாப்பும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. சூழலியல் ஓர் அறிவியல். ஓர் உயிர் எங்கே இருக்கிறது, எதைத் தின்கிறது, எது அதைத் தின்கிறது, வெயிலையும் தண்ணீரையும் உப்பையும் காற்றையும் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. 1866-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் இதற்குப் பெயர் வைத்தார். வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்.

பாதுகாப்பு அதற்கு அப்புறம் வருவது. குளத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் குளத்தைக் காப்பாற்றப் போனால் நல்ல மனசோடேயே அதைக் கெடுத்துவிடுவோம். தாமரை, அல்லி, கரையோரக் கோரை எல்லாவற்றையும் வழித்தெடுத்துச் 'சுத்தம்' செய்த ஒரு குளத்தை எனக்குத் தெரியும். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த வருடம் அங்கே, மிதக்கும் இலைமேல் கூடு கட்டும் இலைக்கோழி ஒன்றுகூட முட்டையிடவில்லை.

உயிருள்ள காரணி, உயிரற்ற காரணி என்று புத்தகத்தில் இருக்கிறதே, அது ஏன் முக்கியம்?

தமிழில் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்து மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள் என்று திணைப் பாடத்தில் படித்திருப்போம். முதற்பொருள் மாறினால் கருப்பொருளும் மாறும். மண், மழை, வெயில், உப்பு, காற்று இவை முதலில் எல்லையை வகுத்துவிடுகின்றன. எந்த உயிர் அங்கே நிற்க முடியும் என்பது அப்புறம்தான் முடிவாகிறது.

பாலை தவிர நான்கு திணையும் இந்த மாவட்டத்தில் உண்டு என்று நாம் பெருமையாகச் சொல்வோம். சுமார் 1,670 சதுர கிலோமீட்டர்தான் மொத்தப் பரப்பு. காலையில் கீரிப்பாறையில் அட்டைக்கடி வாங்கியவர் மத்தியானம் மணக்குடிச் சேற்றில் நிற்கலாம்.

ஆரல்வாய்மொழியில் முள்ளும் கள்ளியும், பேச்சிப்பாறையில் அடர்ந்த காடு. இவ்வளவு பக்கத்தில் எப்படி இவ்வளவு வித்தியாசம்?

மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி பக்கத்து மலையில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, மழையாகக் கொட்டுகிறது. ஆரல்வாய்மொழியில் மலைக்கு ஒரு இடைவெளி. ஈரத்தை இழந்த காற்று அந்த வழியாகக் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். இந்த வறண்ட காற்று மண்ணிலும் இலையிலும் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போகும்.

செடிகளைப் பாருங்கள். கள்ளி இலையே வேண்டாம் என்று விட்டுவிட்டுத் தண்டிலேயே பச்சையம் வைத்திருக்கிறது. உடைமரத்தின் இலை பொடிப்பொடியாக இருக்கிறது, பெரிய இலை வைத்தால் நீர் போய்விடும். மலைக்காட்டில் பிரச்சினை தலைகீழ். அங்கே தண்ணீர் அதிகம். இலைமேல் நீர் தங்கினால் பாசியும் பூஞ்சணமும் பிடிக்கும். அதனால் பல மரங்களின் இலை நுனி மூக்கு மாதிரி நீண்டு, நீரை வடித்துவிடுகிறது. மழை நின்ற பத்தாவது நிமிடத்தில் அப்படி ஓர் இலையைத் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் காய்ந்திருக்கும்.

ஒரு குளத்தில் என்னதான் நடக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள் சார்.

சுருக்கமாகச் சொல்வதைவிட ஒரு தாமரை இலையைத் திருப்பிப் பார்க்கலாம். அடிப்பக்கம் வழுவழுப்பான பசைக்குள் நத்தை முட்டை இருக்கும். காம்பில் தும்பிப் புழு கழற்றிவிட்டுப் போன தோல் ஒட்டியிருக்கும். இலை ஓரத்தில் பூச்சி அரித்த தடம், அந்தப் பூச்சிக்குக் காத்திருக்கும் ஒரு சிலந்தி. கீழே நீரில் இலை நிழலுக்கு ஒதுங்கிய மீன்குஞ்சுகள்.

வெயிலை உணவாக மாற்றுவது தாமரையும் கோரையும், கண்ணுக்கே தெரியாத பாசியும். பாசியை நீர்த்தெள்ளு போன்ற சின்ன உயிர்கள் தின்கின்றன, அவற்றை மீன்குஞ்சு, அதை விரால், விராலைக் கருடன். இது ஒரு சங்கிலி. உண்மையில் விரால் தவளையையும் தின்னும், தவளைக் குஞ்சு பாசியை அரிக்கும், நாரை இரண்டையும் பிடிக்கும், ஆக இது வலையாகத்தான் இருக்கிறது. செத்த எல்லாமே சேற்றுக்குள் போய் பாக்டீரியாவிடம் சேர்கிறது. அவை பிரித்துக் கொடுக்கிற உப்புகளைத் தாமரை வேர் திரும்ப எடுத்துக்கொள்கிறது. உப்புகள் சுற்றிச் சுற்றி வரும். வெயிலின் ஆற்றல் மட்டும் சுற்றாது. உள்ளே வந்து, படிப்படியாகச் சூடாக வெளியேறிவிடும்.

குளத்தில் ஆயிரக்கணக்கில் மீன், கருடன் மட்டும் இரண்டு மூன்றுதான். ஏன்?

ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. மூச்சுவிட, நீந்த, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள என்று போனது போக, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகிறது. 1942-இல் ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு ஏரியை வைத்துக் காட்டிய விஷயம் இது. தோராயக் கணக்கில், ஆயிரம் கிலோ பாசி இருந்தால் நூறு கிலோ சிற்றுயிர், பத்து கிலோ சின்ன மீன், ஒரு கிலோ பெரிய மீன். மேலே போகப் போகக் கூட்டம் சுருங்கித்தான் ஆகவேண்டும். புலி எங்குமே குறைவாக இருப்பதற்கும் இதே கணக்குதான்.

தேரூர் குளத்தில் இத்தனை வகைப் பறவைகள் ஒன்றாக இருக்கின்றன. சாப்பாட்டுக்குச் சண்டை வராதா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் பதில் தானாகவே தெரியும்.

மீசை ஆலா பறந்துகொண்டே நீரின் மேற்பரப்பிலிருந்து கொத்தும். கூழைக்கடா பையைத் திறந்து அள்ளும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முங்கி நீருக்குள்ளேயே துரத்தும். கொக்கு கரையோரம் கணுக்கால் நீரில் சிலை மாதிரி நிற்கும். மஞ்சள்மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து கலங்கல் நீரில் துழாவும், மீன் பட்டதும் மூடிக்கொள்ளும். அதற்குக் கண் தேவையில்லை. நத்தை குத்தி நாரைக்கு மீன் மேல் பெரிய நாட்டமே கிடையாது, நத்தைதான். நீலத் தாழைக்கோழி செடித் தண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு கடிக்கும். ஒரே குளத்தில் ஆழத்தையும் நேரத்தையும் அலகின் நீளத்தையும் வைத்துப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கின்றன. பாடப்புத்தகம் இதைச் 'சூழல் செயல் வாழிடம்' என்கிறது. நான் பிள்ளைகளிடம் அந்தப் பறவையின் பிழைப்பு என்று சொல்வேன்.

நீளவால் இலைக்கோழியைத் தவறவிடாதீர்கள். விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எடை பரவிப் போவதால் மிதக்கும் இலைமேல் நடக்கிறது, இலை லேசாக அமிழும், அதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடும். கூடும் மிதக்கிற செடிகளின்மேல்தான். பெட்டை முட்டையிட்டுவிட்டு வேறு சேவலோடு போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவல்தான். மிதக்கும் இலை இல்லாத குளத்தில் இந்தப் பறவைக்கு வேலையே இல்லை.

சுசீந்திரம் – தேரூர் ஈரநிலமும் (94.23 ஹெக்டேர்) வேம்பனூர் ஈரநிலமும் (19.75 ஹெக்டேர்) 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. பரப்பு சின்னதுதான். ஆனால் வலசை வரும் பறவைக்குக் களைத்த நேரத்தில் இறங்க ஒரு சின்னக் குளமும் பெரிய விஷயம்.

எங்கள் ஊர்க் குளத்தில் விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. நோயா?

பெரும்பாலும் மூச்சுத்திணறல். பகலில் பாசியும் நீர்ச்செடியும் ஆக்சிஜனை வெளிவிடும். ராத்திரி வெயில் இல்லை, ஆனால் மீன், செடி, பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் விடியும் நேரத்தில்தான் அளவு மிகக் குறைவு. சாக்கடை நீரும் வயலில் இருந்து கழுவி வரும் உரமும் சேர்ந்த குளத்தில் பாசி அளவுக்கு மீறி வளரும், அது செத்து அழுகும்போது பாக்டீரியா மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும்.

ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் நிலைமை இன்னும் மோசம். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த செடி இது. இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். மேலே ஒளியை மறைத்துவிட்டு, தான் விடும் ஆக்சிஜனைக் காற்றில் விட்டுவிடும், நீருக்குக் கிடைக்காது. இப்படிப்பட்ட குளத்தில் கெண்டை செத்து மிதக்கும்போதும் விரால் பிழைத்துக் கிடக்கும். விராலால் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்க முடியும். குளத்தில் விராலும் கெளுத்தியும் மட்டுமே மிஞ்சியிருந்தால் அந்த நீர் ரொம்ப நாளாக அவதிப்படுகிறது என்று அர்த்தம்.

ரப்பர் தோட்டமும் பச்சையாகத்தானே இருக்கிறது. அதுவும் காடுதானே?

நிழல் இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது, மண்ணைப் பிடித்து வைக்கிறது, பல வீடுகளில் அடுப்பும் அதனால்தான் எரிகிறது. அதையெல்லாம் நான் மதிக்கிறேன். ஆனால் காடு கிடையாது.

காட்டில் ஒரு ஏக்கருக்குள் பல வகை மரம், பல வயது. ஒன்று பூக்கும்போது ஒன்று காய்க்கும். பட்டுப்போன மரத்தில் பொந்து இருக்கும். இருவாச்சிப் பறவை அந்தப் பொந்துக்குள்தான் பெட்டையை வைத்து வாசலை அடைக்கும், சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் ஊட்டும். ரப்பர் தோட்டத்தில் எல்லாம் ஒரே மரம், ஒரே வயது, பொந்து வரும் வயதுக்கு முன்பே வெட்டிவிடுவோம், இருவாச்சி தின்ன ஒரு பழமும் கிடையாது.

ரப்பர் அமேசான் காட்டு மரம். 1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது. அதன் தாய்நாட்டில் இலைக்கருகல் பூஞ்சணம் ஒன்று ரப்பரை நெருக்கமாக நடவே விடுவதில்லை. அந்தப் பூஞ்சணம் இன்னும் ஆசியாவுக்கு வரவில்லை, அதனால்தான் நம்மால் வரிசையாக நட முடிகிறது. அதற்காக இங்கே அதற்கு எதிரியே இல்லை என்று நினைக்காதீர்கள், தென்மேற்கு மழையில் இலையை உதிர்க்கிற பூஞ்சணம் ஒன்று உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை தெளிப்பது அதற்காகத்தான். காற்றுக்கும் இந்த மரம் தாங்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தோட்டம் தோட்டமாக முறிந்து விழுந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கோடை மழை பெய்ததும் கறுப்பு வண்டுகள் ஆயிரக்கணக்கில் வீட்டுக்குள் வருகின்றன. எங்கிருந்து வருகின்றன? எப்படி ஒழிப்பது?

குலசேகரம், அருமனை, திற்பரப்பு பக்கத்துப் பெற்றோர் ஒவ்வொரு வருடமும் கேட்கும் கேள்வி. ரப்பர் தோட்டத்தில் இருந்து வருகிற வண்டு இது. கேரளத்தில் முப்ளி வண்டு என்கிறார்கள், திருச்சூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் பெயர் அது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், மங்கிய கறுப்பு.

இதன் வருடத்தை ரப்பர் மரத்தின் வருடத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், எல்லாம் விளங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்கிறது. தரையெல்லாம் சருகு. அப்புறம் துளிர் விடுகிறது, அந்த இளந்துளிரிலும் கொஞ்சம் நோயிலும் காற்றிலும் உதிரும். வண்டுக்கு அந்த வாடிய இளந்துளிர்தான் விருந்து. சருகுக்கு அடியில் முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் நடந்து, கோடைக்குள் புது வண்டுகள் தயார். ஏப்ரல் வாக்கில் முதல் கோடை மழை விழுந்ததும் சருகு நனைகிறது. வண்டு அங்கிருந்து கிளம்பி, சாயங்காலத்தில் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துப் பறந்து வருகிறது. ஓட்டு இடுக்கு, பரண், ஜன்னல் சட்டத்துக்குப் பின்பக்கம் எங்கே காய்ந்த இருட்டு இருக்கிறதோ அங்கே கூட்டமாக ஒடுங்கிவிடும். ஒரே வீட்டில் லட்சக்கணக்கில் சேர்வதுண்டு. அப்புறம் எட்டு ஒன்பது மாதம் சாப்பாடு இல்லை, இனப்பெருக்கம் இல்லை, வெறும் ஒடுக்கம். மழைக்காலம் முழுக்க உங்கள் கூரை அதற்கு ஒரு காய்ந்த குகை. டிசம்பரில் மறுபடி இலை உதிரும்போது தோட்டத்துக்குத் திரும்பிவிடும்.

நம் வீட்டின் மேல் அதற்கு ஒரு பகையும் இல்லை. பல நூறு ஏக்கரில் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி இலை உதிர்ந்தால், அந்த இலையைத் தின்னத் தெரிந்த ஓர் உயிர் பெருகத்தானே செய்யும்? தொட்டால் நாற்றமடிக்கும் எரிச்சல் நீர் ஒன்றை விடுவதால் பல்லி, கோழி எதுவும் அதை விரும்பித் தின்பதில்லை. சாப்பாடு ஏராளம், எதிரி குறைவு.

என்ன செய்யலாம்? கையால் நசுக்காதீர்கள், தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். முதல் கோடை மழை நாட்களில் சாயங்காலம் ஒன்றிரண்டு மணி நேரம் வாசல் விளக்கையும் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல் விளக்கையும் அணைத்து வையுங்கள். ஓட்டு இடுக்குகளை அடையுங்கள். சேர்ந்துவிட்டால் துடைப்பத்தால் கூட்டிச் சோப்பு நீரில் போடலாம். படுக்கைக்கு மேலே விஷம் அடிக்கிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அதே அறையில் குழந்தை தூங்குகிறது.

பனைமரத்தில் ஆலமரம் முளைத்திருக்கிறது. பனையை அது உறிஞ்சித் தின்கிறதா?

உறிஞ்சுவதில்லை. ஆலம்பழம் தின்ற பறவை பனைமட்டை இடுக்கில் எச்சமிட்டது, விதை முளைத்தது. வேர் மண்ணுக்குப் போய்த் தன் உணவைத் தானே எடுக்கும். பனையை ஏணியாக மட்டும் வைத்துக்கொள்கிறது. நாளாக ஆக நிழலாலும் நெருக்கத்தாலும் பனை தளர்ந்துவிடும், அது வேறு.

உண்மையாக உறிஞ்சுவதைப் பார்க்க வேண்டுமானால் மாமரத்துப் புல்லுருவியைப் பாருங்கள். அதன் வேர் மாங்கிளைக்குள் புகுந்து நீரையும் உப்பையும் எடுத்துக்கொள்ளும். பச்சை இலை இருப்பதால் மாவுப்பொருளைத் தானே செய்துகொள்ளும், அதனால் பாதி ஒட்டுண்ணி. அதன் பழத்தைப் பூக்கொத்தி என்ற கட்டைவிரல் அளவுப் பறவை விழுங்கும். விதையைச் சுற்றிப் பிசின். எச்சமிடும்போது விதை பின்பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும், பறவை கிளையில் உடம்பைத் தேய்த்துத்தான் அதை விடுவிக்க வேண்டும். தேய்த்த இடத்திலேயே அடுத்த புல்லுருவி முளைக்கிறது. புல்லுருவிக்கும் மாவுக்கும் ஒட்டுண்ணி உறவு, புல்லுருவிக்கும் பூக்கொத்திக்கும் இருவருக்கும் லாபமான உறவு. ஒரே கிளையில் இரண்டு பாடம்.

மாமரத்து முசுறை அழிக்க மருந்து அடிக்கலாமா?

இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பிடம் கடி வாங்கியவர்களின் கோபம் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். முசுறு இருக்கும் கொல்லாமரத்தில் (முந்திரி) தேயிலைக் கொசு என்கிற தளிர் உறிஞ்சும் பூச்சி அதிகம் தலைகாட்டாது, இது ஆராய்ந்து பார்த்த விஷயம். மாவிலும் பல பூச்சிகளை அது இழுத்துக்கொண்டு போகும். இன்னொரு பக்கமும் உண்டு. மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக முசுறு அதைப் பாதுகாத்து வளர்க்கும், அந்த அளவுக்கு மரத்துக்கு நட்டம்தான்.

அதன் கூட்டை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். எறும்புகள் வரிசையாகக் கைகோர்த்து இரண்டு இலைகளை இழுத்துப் பிடிக்கும். வேறு சில எறும்புகள் தங்கள் புழுவை வாயில் கவ்விக்கொண்டு வந்து இலை ஓரத்தில் இங்கும் அங்கும் தொடவைக்கும். புழு விடும் பட்டுநூல்தான் தையல்.

பழம் பறிக்கிற நாளில் மட்டும் உடம்பில் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுவது பழைய வழக்கம்.

வயலில் மருந்து அடித்த பிறகுதான் புகையான் அதிகமாகிறது. அது எப்படி?

நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையானை மட்டும் மருந்து கொல்வதில்லை. நெல்தூரில் ஓடித்திரியும் சிலந்தியும் புகையான் முட்டையைக் குடிக்கும் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகும். புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பத்து நாளில் பொரித்து வெளியே வந்தால் கேட்க ஆளில்லை. யூரியாவும் கூடுதலாகப் போட்டிருந்தால் பயிர் இளசாக, சாறாக இருக்கும், பெருக்கம் இன்னும் வேகம். கன்னிப்பூவில் (முதல் போகம்) அடித்த மருந்துக்குக் கும்பப்பூவிலும் (அடுத்த போகம்) விலை கொடுக்கிறவர்கள் உண்டு.

தவளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் வெளிநாட்டு மேசைக்காகத் தவளைக்கால் டன் கணக்கில் ஏற்றுமதியானது. 1987-இல் இந்தியா அதைத் தடை செய்தது. வயலில் பூச்சி தின்ன ஆளில்லாமல் போகும் என்ற கவலை அந்தத் தடைக்குப் பின்னால் இருந்தது.

தென்னை ஓலை கறுத்துப்போகிறது, அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக இருக்கிறது. என்ன அது?

சுருள் வெள்ளை ஈ. நடு அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது, 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டது. ஓலைச்சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கசியவிடும், அதன்மேல் கறுப்புப் பூசணம் படரும். கறுப்பைக் கண்டு பயந்து பூச்சிமருந்து அடித்தால் காரியம் கெடும். என்கார்சியா என்ற பொடிக் குளவி இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்றுவிடும். குளவி வெளியேறிய குஞ்சில் வட்டமான ஓர் ஓட்டை இருக்கும், கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் தெரியும். ஓட்டைகள் இருந்தால் தோட்டத்தில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. விசையோடு தண்ணீர் அடித்து ஓலையைக் கழுவலாம், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை கட்டலாம். விஷம் அடித்தால் முதலில் போவது அந்தக் குளவி.

மயில் ஏன் இவ்வளவு பெருகிவிட்டது?

ஒரே காரணம் சொல்ல முடியாது. வேட்டைக்குச் சட்டத் தடை இருக்கிறது. தரிசாகப் போட்ட வயலும் புதரும் அதற்குப் பிடித்த இடம், பக்கத்திலேயே நெல்லும் பயறும். தரையில் முட்டையிடும் பறவை அது, முட்டையைத் தின்ன வேண்டிய குள்ளநரி நம் ஊர்ப்பக்கம் அரிதாகிவிட்டது. பயிர் போன விவசாயியின் வருத்தம் நியாயமானது. ஆனால் மயிலை மட்டும் குற்றவாளியாக நிறுத்தினால் அடுத்த பத்து வருடமும் இதே பேச்சுதான்.

மணக்குடி பொழியில் ஆறும் கடலும் சேருகிற இடத்தில் உயிர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

பழையாறு அங்கே கடலில் சேர்கிறது. கோடையில் ஆற்றில் நீர் குறைந்ததும் அலை மணலைக் குவித்துப் பொழிமுகத்தை அடைத்துவிடும். மழை வெள்ளம் வந்ததும் உடையும். ஆகவே உப்பு ஒரே அளவில் நிற்பதில்லை. நன்னீர் மீனை உப்பில் விட்டால் உடம்பில் இருக்கும் நீர் வெளியே போய்ச் சாகும், கடல் மீனை நன்னீரில் விட்டால் நீர் உள்ளே புகுந்து சாகும். மடவையும் கரிமீனும் செவுளாலும் சிறுநீரகத்தாலும் உப்பைச் சரிக்கட்டத் தெரிந்தவை. அதனால் மற்றவை ஓடிவிடும் இடத்தில் இவை நின்று கொழுக்கின்றன.

அலையாத்தி மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில் மாதிரி குச்சிகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் முளைத்த செடி என்பார்கள். அவை வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சுவிடுகிறது. சுரபுன்னை இன்னும் ஆச்சரியம், விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும், அப்புறம்தான் சேற்றில் குத்திட்டு விழும். அந்த வேர்ச் சிக்கலுக்குள்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் பெரிய மீனுக்குத் தப்பி வளர்கின்றன.

2004 சுனாமியில் மணக்குடிப் பாலமே இழுத்துச் செல்லப்பட்டது. அந்த இடத்தில் நின்றுகொண்டு இந்த மரங்களைப் பற்றிப் பேசும்போது யாரும் சத்தம் போடுவதில்லை.

ஆடி மாதக் கடல் இவ்வளவு கொந்தளிப்பாக இருக்கிறது. அப்போதுதான் மீன் வளம் என்கிறார்களே?

ஆமாம். தென்மேற்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளும்போது அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அடியில் படிந்த உப்புச்சத்து எல்லாம் அதோடு வெயில் படும் இடத்துக்கு வரும். வயலுக்கு உரம் போட்டது போல நுண்பாசி பெருகும். சாளை அந்தப் பாசியை வடிகட்டித் தின்னும், சாளையைச் சூரையும் நெய்மீனும் துரத்தி வரும். குமரிமுனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற கடலடி மேடு இப்படித்தான் பேர்பெற்ற மீன்பிடி இடமானது.

மீன்பிடித் தடையில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் போகக்கூடாது. ஒரே மாவட்டம், இரண்டு கடல், மீன்கள் முட்டையிடும் காலமும் வேறு.

கடியப்பட்டணம், முட்டம் பாறைகளில் சிப்பி எடுப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். நீர் இறங்கும்போது பாறையில் மேலே கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிர்), கீழே சிப்பி என்று கோடு போட்டது போலத் தெரியும். மேல் எல்லையை வெயிலும் காய்ந்துபோவதும் வகுக்கின்றன. கீழ் எல்லையைப் பெரும்பாலும் தின்னவரும் எதிரிகள் வகுக்கின்றன. நம் பழுப்புச் சிப்பி கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் வரையிலான கரையில்தான் நிறையக் கிடைக்கும்.

பிள்ளைகளோடு எங்கே, எப்போது போகலாம்?

தேரூர், வேம்பனூர் குளங்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை ஆறரைக்கு முன்பே போய்விடுங்கள். புத்தளம் உப்பளத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை நிற்கும். மணக்குடிக்கு நீர் இறங்கும் நேரம் பார்த்து, பழைய செருப்போடு. கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். 2008 முதல் அந்த மலைகள் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம்.

தூரம் போக முடியாதவர்களுக்கு வீட்டுப் பக்கத்து ரப்பர் தோட்டம் போதும். கிறிஸ்துமஸ் விடுமுறையில், இலை உதிர்ந்துகொண்டிருக்கும்போது, ஒரு குச்சியால் சருகைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். ஏப்ரலில் உங்கள் பரணில் இருந்த வண்டு இப்போது அங்கே ஓர் இலையின் ஓரத்தை அரித்துக்கொண்டிருக்கும்.